நடிகைகளின் கர்ப்பம், ஏறும் எடை, வீட்டுப் பிரசவம்: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள், சொல்லவில்லை. கேள்வியை வாசிக்கிறேன்.

“அம்மா, எனக்கு இது தலைப்பிரசவம். முப்பதாவது வாரம் நடக்கிறது. கர்ப்பத்துக்கு முன்னால் 54 கிலோ இருந்தேன், இப்போது 65. உயரம் 158 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் ஃபோனில் நடிகைகளின் படம் வந்தால் போதும். ‘இவளுக்கு வயிறே தெரியவில்லை, பொய்’ என்பார்கள். ‘இவள் என்ன இப்படி ஊதிவிட்டாள்’ என்பார்கள். ‘வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் பார்’ என்பார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். எடை மெஷினில் ஏறக் கூச்சமாக இருக்கிறது, போன செக்கப்புக்குப் போகவில்லை. ஒரு வெளிநாட்டு மாடல் வலியே இல்லாமல் வீட்டுத் தொட்டியில் குழந்தை பெற்றாராம். நானும் வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறது. தப்பா?”

கண்ணு, முதலில் இரண்டு வேலை. இன்றைக்கு ராத்திரி சாப்பிடு. நாளைக்கே போய், விட்டுப்போன செக்கப்பை முடி. இந்த வீடியோவைப் பாதியில் நிறுத்துவதாக இருந்தாலும் இதைக் கேட்டுவிட்டு நிறுத்து. சரி, இப்போது மற்றதைப் பேசலாம்.

“என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை” என்று எழுதியிருக்கிறாள். அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். அவள் வீட்டில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. இந்தப் பெண்ணுக்காகச் சாத்துக்குடி வாங்கி வைத்திருப்பார்கள், வளைகாப்புக்கு நாள் பார்த்திருப்பார்கள். ஃபோனில் தெரிகிற நடிகை எங்கேயோ இருக்கிறார், நாம் பேசுவது அவர் காதில் விழப்போவதில்லை என்ற நினைப்பில் பேசுகிறார்கள். அவர் காதில் விழாது, உண்மைதான். பக்கத்து நாற்காலியில் ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறவள் காதில் விழும். நடிகைக்கு வைத்த அளவுகோலை எடுத்து அவள் தன் உடம்பின்மேல் வைத்துப் பார்ப்பாள். இந்தப் பெண் அதைத்தான் செய்திருக்கிறாள்.

அந்த அளவுகோல் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். தீபிகா படுகோனும் அவர் கணவரும் 2024 பிப்ரவரி கடைசியில், செப்டம்பரில் குழந்தை என்று அறிவித்தார்கள். மே 20ஆம் தேதி மும்பையில் ஓட்டுப் போட வந்தார். தளர்வான வெள்ளைச் சட்டைக்குள் வயிறு கொஞ்சம் தெரிந்தது. உடனே, இது பொய் வயிறு, வேறு யாரோ சுமக்கிறார்கள் என்று எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து ஜூன் 19ஆம் தேதி ஒரு பட விழாவுக்குக் கறுப்பு உடையில், உயரமான ஹீல்ஸ் போட்டு வந்தார். அன்றைக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. உடனே, இந்த நிலைமையில் ஹீல்ஸ் போடலாமா, குழந்தையைப் பற்றிக் கவலை இல்லையா என்று திட்டினார்கள். மே மாதம் குழந்தையே இல்லை என்றார்கள், ஜூன் மாதம் அந்தக் குழந்தைக்காகப் பதறினார்கள். செப்டம்பர் 8ஆம் தேதி அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

வயிறு ஏன் ஒருத்திக்குப் பெரிதாகவும் ஒருத்திக்குச் சின்னதாகவும் தெரிகிறது? முதல் குழந்தைக்கு வயிற்றுத் தசை இறுக்கமாக இருக்கும், உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது குழந்தைக்கு அதே தசை தளர்ந்திருக்கும், சீக்கிரமே முன்னால் தள்ளும். உயரமான பெண்ணுக்குக் கர்ப்பப்பை மேல்நோக்கி வளர இடம் இருக்கிறது. குள்ளமான பெண்ணுக்கு அது முன்னால் வந்துதான் ஆக வேண்டும். குழந்தை எப்படிப் படுத்திருக்கிறது, பனிக்குட நீர் எவ்வளவு இருக்கிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் வெளியே தெரிகிற வயிறு. கூர்மையாக இருந்தால் பையன், அகலமாக இருந்தால் பெண் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. மருத்துவமனையில் செவிலியர்கள் நாங்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை டேப் வைத்து அளப்போம். 24 வாரத்துக்கு மேல் வாரக் கணக்கும் சென்டிமீட்டர் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாக வரும். 30 வாரம் என்றால் 30 சென்டிமீட்டர், இரண்டு மூன்று கூடவோ குறையவோ இருக்கலாம். அதைத் தாண்டினால் ஸ்கேன் எடுப்போம். கையில் டேப் இருக்கிற நாங்களே அளக்காமல் சொல்வதில்லை.

ஹீல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் மூட்டுப் பிணைப்புகள் தளர்ந்திருக்கும், உடம்பின் பாரம் முன்னால் சாயும். அதனால் தினமும் உயரமான செருப்பு போட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அது இடுப்புவலி வராமல் இருக்க, தடுமாறி விழாமல் இருக்கச் சொல்கிற யோசனை. ஒரு மணி நேர விழாவுக்குப் பக்கத்தில் ஆள் துணையோடு போட்டு நடந்தவரைக் கெட்ட தாய் என்று சொல்ல யாருக்கும் அதில் இடமில்லை.

இனி எடை. கண்ணு, உன் கணக்கைப் போடுவோம். உன் உயரத்துக்குக் கர்ப்பத்துக்கு முன்னால் 54 கிலோ என்பது நல்ல எடை. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டுகிற பி.எம்.ஐ. கணக்கு 22க்குப் பக்கத்தில் வருகிறது. அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கர்ப்பம் முழுவதற்கும் பதினொன்றரை முதல் 16 கிலோ வரை ஏறலாம் என்பது உலக அளவில் பயன்படுத்துகிற கணக்கு. முன்பே மெலிந்திருந்தவள் இன்னும் அதிகம் ஏற வேண்டும், 18 கிலோ வரை போகலாம். முன்பே எடை கூடியிருந்தவளுக்கு 7 முதல் பதினொன்றரை போதும். உனக்கு இப்போது 11 ஏறியிருக்கிறது. இனிமேல் வாரத்துக்கு 400 கிராம் என்று வைத்தாலும் பிரசவத்தின்போது 15 கிலோவில் நிற்பாய். கணக்குக்குள்ளேயே இருக்கிறாய், கண்ணு. இதற்காகவா ராத்திரி பட்டினி கிடந்தாய்?

அந்த எடை எங்கே போகிறது என்பதையும் தெரிந்துகொள். குழந்தை மூன்று, மூன்றரை கிலோ. நஞ்சுக்கொடி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பனிக்குட நீர் ஏறத்தாழ ஒரு கிலோ. கர்ப்பம் இல்லாதபோது நூறு கிராம்கூட வராத கர்ப்பப்பை, ஒன்பதாம் மாதம் ஒரு கிலோ ஆகிவிடும். உடம்பில் ஓடுகிற ரத்தம் நாற்பது, ஐம்பது சதவீதம் கூடிவிடும், அது ஒன்றரை கிலோ. மார்பு, திசுக்களில் தங்குகிற நீர் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ. மிச்சம் மூன்று கிலோவுக்குப் பக்கம் கொழுப்பு. அதுவும் பிரசவம் ஆனபிறகு பால் சுரப்பதற்காக உடம்பு சேர்த்து வைக்கிற கையிருப்பு. வேண்டாதது என்று இதில் எதைத் தள்ளுவாய்?

சர்க்கரைப் பரிசோதனை செய்தார்களா என்று உன் அட்டையில் பார். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் சாப்பாட்டை மாற்ற வேண்டியிருக்கும். மாற்றுவதையும் அவர்கள் சொல்கிறபடி செய், நீயாகப் பட்டினி கிடக்காதே.

ஏறிய எடை மொத்தம் எவ்வளவு என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஏறியது என்பதுதான் எங்களைப் பயமுறுத்தும். ஒரு வாரத்தில், பத்து நாளில் திடீரென்று இரண்டு மூன்று கிலோ ஏறினால், முகமும் கையும் வீங்கினால், அது சாப்பாட்டால் வந்த எடையாக இருக்காது. உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள். உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

இதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் 2013இல் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். ஒரு கறுப்பு வெள்ளை உடை போட்டதற்காக அவர் படத்தையும் திமிங்கிலத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மே 6ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த மெட் காலா விழாவுக்குப் பூப்போட்ட நீள உடையில் வந்தார். சோபா உறை என்று சிரித்தார்கள். செருப்பின் வார்களுக்கு நடுவே பிதுங்கிய அவருடைய வீங்கிய பாதங்களைப் பெரிதாக்கிப் போட்டுச் சிரித்தார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? அவருக்கு ப்ரீஎக்லாம்ப்சியா. ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகிற நோய். விட்டால் வலிப்பு வரும், தாயும் குழந்தையும் போய்விடலாம். ஜூன் 15ஆம் தேதி, நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே குழந்தையைப் பிறக்கவைக்க வேண்டியதாயிற்று. நஞ்சும் கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. கால் வீக்கம் கர்ப்பிணிகள் நிறையப் பேருக்கு வரும், வந்தவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் இருக்காது. ஆனால் ஒரு பெண்ணின் பாதம் அப்படி வீங்கியிருப்பதைப் பார்த்த அத்தனை கோடிப் பேரில், பிபி எவ்வளவு என்று கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பாடகி பியான்சேயும் அப்படித்தான். 2017இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்த அன்றைக்குத் தன் எடை 218 பவுண்டு என்று அடுத்த வருஷம் அவரே வோக் பத்திரிகையில் சொன்னார். நம் கணக்கில் 99 கிலோ. அதே நோயால் உடம்பு வீங்கி, ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் இருந்து, அவசர சிசேரியனில்தான் குழந்தைகள் பிறந்தார்கள். அவரேதான் 2011இல் முதல் கர்ப்பத்தின்போது பொய் வயிறு என்று பேசப்பட்டவரும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆரம்ப காலத்தில் ஒரு ஊரில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். ஒரு பெண், இரண்டாவது குழந்தை. மெஷினில் ஏறினாள். இரண்டு வாரத்தில் மூன்று கிலோ கூடியிருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு நான், “என்னம்மா, வீட்டில் உனக்கு மட்டும்தான் சோறா?” என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த தடவை அவள் வரவில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை. முப்பத்தைந்தாவது வாரத்தில் ஒரு ராத்திரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிபி 170க்கு 110. தலைவலி தாங்கவில்லை, கண் மங்குகிறது என்றாள். வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வழியில் வலிப்பு வந்துவிட்டது. அவளும் பிழைத்தாள், குழந்தையும் மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்தது. பிறகு வார்டில் பார்த்தபோது, ஏன் வரவில்லை என்று கேட்டேன். “மெஷின்ல ஏற வெக்கமா இருந்துச்சுக்கா” என்றாள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணின் எடையையும் நான் சத்தமாகப் படித்ததில்லை. பார்த்து எழுதுவேன், அவளிடம் மட்டும் காட்டுவேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான் கண்ணு, “மெஷினில் ஏறக் கூச்சமாக இருக்கிறது” என்று நீ எழுதியதைப் படித்ததும் மற்றக் கேள்விகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு இதை எடுத்தேன்.

பிரசவத்துக்குப் பிறகும் இது நிற்பதில்லை. ஐஸ்வர்யா ராய்க்கு 2011 நவம்பரில் மகள் பிறந்தாள். ஆறே மாதத்தில், 2012 மே மாதம், கான் திரைப்பட விழாவுக்குப் போனார். உடம்பு இன்னும் குறையவில்லை, ரசிகர்களுக்கு அவர் கடமைப்பட்டவர் என்றெல்லாம் எழுதினார்கள். பால் கொடுக்கிற தாய்க்கு ஆறு மாதம் ஒரு கணக்கா? குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை தொப்புள் மட்டத்தில் இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஆறு வாரம் ஆகும். 2013 ஜூலையில் இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேட், முதல் குழந்தையோடு மருத்துவமனை வாசலில் வந்து நின்றபோது வயிறு நன்றாகவே தெரிந்தது. பெற்ற மறுநாள் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பதை நிறையப் பேர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். 2018இல் மூன்றாவது குழந்தை பிறந்து ஏழு மணி நேரத்தில் அலங்காரம் செய்துகொண்டு வந்து நின்றார், ஆகா என்றார்கள். அந்தப் புகழ்ச்சியும் எனக்குப் பிடிக்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. ஏழு மணி நேரத்தில் எழுந்து உட்காரக்கூட முடியாமல் தையல் வலியோடு கிடக்கிற பெண்ணுக்கு அந்தப் படத்தைக் காட்டுகிறார்களே, அதைச் சொல்கிறேன்.

நம் பக்கத்து நடிகைகளில் இதற்கு நேராகப் பதில் சொன்னவர்கள் இரண்டு பேர் எனக்கு முக்கியமானவர்கள். காஜல் அகர்வால் கர்ப்பமாக இருந்தபோது, 2022 பிப்ரவரியில், உடம்பைக் கேலி செய்தவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் நீளமாக எழுதினார். எடை கூடும், ஹார்மோன் மாறும், தழும்பு வரும், பழைய உடம்புக்குத் திரும்ப நாளாகும், திரும்பாமலும் போகலாம், அதற்காகக் குன்றிப்போக வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். சமீரா ரெட்டி 2015இல் முதல் குழந்தைக்குப் பிறகு நூறு கிலோவைத் தாண்டினார். வெளியே வரவே கூசியதையும் பிரசவத்துக்குப் பின் வந்த மன அழுத்தத்தையும் பிறகு மறைக்காமல் பேசினார். 2019இல் இரண்டாவது குழந்தையைச் சுமந்தபோது ஒன்பதாம் மாத வயிற்றோடு நீருக்கடியில் படம் எடுத்துப் போட்டார். அந்தப் படம் நம் வீடுகளில் எத்தனை பேருக்குப் பிடித்திருக்கும் என்று தெரியவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. முதல் தடவை ஒளிந்துகொண்ட ஒரு பெண் இரண்டாவது தடவை ஒளியவில்லை.

அப்படியே உடைக்கு வருகிறேன். வயிற்றைக் காட்டுகிறாள் என்ற பேச்சு பழையது. 1952இல் அமெரிக்காவில் லூசில் பால் என்ற நடிகை கர்ப்பமாக இருந்தபோதே தன் தொலைக்காட்சித் தொடரிலும் கர்ப்பிணியாக நடித்தார். கர்ப்பம் என்ற சொல்லை மட்டும் சொல்லக் கூடாது என்று தொலைக்காட்சி நிறுவனம் சொல்லிவிட்டது. ‘எதிர்பார்த்திருக்கிறாள்’ என்று சுற்றிவளைத்துத்தான் பேசினார்கள். நம் ஊரில் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பதும் அப்படிச் சுற்றிவளைத்ததுதான், ஆனால் அதில் ஓர் அன்பு இருக்கிறது. 1991இல் நடிகை டெமி மூர் ஏழு மாத வயிற்றோடு ஒரு பத்திரிகை அட்டையில் வந்தபோது சில கடைகளில் அதை உறை போட்டு மூடி விற்றார்கள். 2022இல் பாடகி ரிஹானா பாரிஸில் மெல்லிய கறுப்பு உடையில் வயிறு தெரிய வந்து நின்றார், அதற்கும் அதே பேச்சு. முப்பது வருஷமாகப் பேச்சு மாறவில்லை.

கண் படும், மூடிக்கொள் என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை போடாதே. துப்பட்டா போட்டுக்கொள்வதால் ஒன்றும் குறையாது. இறுக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. பாவாடை நாடாவை வயிற்றின்மேல் இறுக்கிக் கட்டாதே, வயிற்றுக்குக் கீழே எலாஸ்டிக் வைத்ததாகப் போடு. பிரா அளவு ஐந்தாம் மாதத்துக்குள்ளேயே மாறியிருக்கும், பழையதையே போட்டு மார்பை அழுத்தாதே. செருப்பும் ஓர் அளவு பெரிதாக வாங்கு. ஃபீடிங் குர்த்தா இப்போதே இரண்டு வாங்கினால் பிரசவத்துக்குப் பிறகும் உதவும். நைட்டியிலேயே இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். காற்றுப் போகிற பருத்தி நைட்டி சித்திரை வெயிலில் கர்ப்பிணிக்கு நல்ல உடை.

இப்போது வீட்டுப் பிரசவம். இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நீ சொல்கிற மாடல் பிரேசில் நாட்டின் ஜிசெல் பண்ட்சென். 2009 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டனில் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் மகனைப் பெற்றார். கொஞ்சமும் வலிக்கவில்லை என்று பிறகு பேட்டியில் சொன்னார். நான் அவரை நம்புகிறேன். வலி ஆளுக்கு ஆள் மாறும், பேசிக்கொண்டிருக்கும்போதே பெற்றுவிட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் உனக்கு எப்படி இருக்கும் என்பதை அவர் பேட்டி சொல்லாது. அவர் இருந்த பாஸ்டன் உலகப் பெயர் பெற்ற மருத்துவமனைகள் இருக்கிற நகரம். பேட்டியில் தொட்டி மட்டும்தான் தெரிகிறது, தொட்டியைச் சுற்றி இருந்தது தெரியவில்லை.

வீட்டில் பெறுகிற எல்லாரையும் முட்டாள் என்று திட்டுவதும் சரியில்லை. நெதர்லாந்தில் இன்றைக்கும் நிறையப் பேர் வீட்டில் பெறுகிறார்கள். இங்கிலாந்தில் 64,000 பிரசவங்களைப் பார்த்து 2011இல் ஓர் ஆய்வு வந்தது. எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது, மூன்றாவது குழந்தை என்றால் வீட்டிலும் மருத்துவமனையிலும் குழந்தைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. தலைப்பிரசவத்துக்கு வித்தியாசம் இருந்தது. குழந்தைக்கு ஆபத்தான முடிவு மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. அப்புறம் இன்னொன்று. வீட்டில் பெற ஆரம்பித்த தலைப்பிரசவக்காரர்களில் நூற்றுக்கு 45 பேரை இடையிலோ பிரசவம் முடிந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அங்கே வீட்டுக்கு வருகிறவர் அதற்கென்றே படித்த மருத்துவச்சி. கையில் மருந்து இருக்கும், குழந்தை மூச்சுவிடத் திணறினால் செய்ய வேண்டியது தெரியும், ஆம்புலன்ஸ் சொல்லிவைத்தாற்போல வரும். அந்த ஏற்பாடு இங்கே நமக்கு இல்லை. உனக்கோ இது தலைப்பிரசவம்.

நான் பயப்படுவது வலியைப் பார்த்து இல்லை, ரத்தப்போக்கைப் பார்த்து. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்ததும் கர்ப்பப்பை கல்லுமாதிரி இறுகி அந்தக் குழாய்களை அடைக்க வேண்டும். இறுகாவிட்டால் சில நிமிஷத்தில் பெண் வெளுத்துவிடுவாள். இது யாருக்கு நடக்கும் என்று முன்னால் சொல்ல முடியாது. எல்லாம் நன்றாக இருந்தவளுக்கும் நடக்கும். அதனால்தான் குழந்தை வெளியே வந்த உடனே எல்லாப் பெண்களுக்கும் கர்ப்பப்பையை இறுகவைக்கிற ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனதைப் படித்திருப்பாய். குழந்தை பிழைத்தது. அந்தச் செய்தி வந்த நாள் முழுக்க எனக்கு அந்த ஊசியின் நினைப்புதான்.

அந்தக் காலத்தில் எல்லாரும் வீட்டில்தானே பெற்றார்கள் என்று உன் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். என் பாட்டி எட்டுப் பெற்றாள், தங்கியது ஐந்து. அவள் தங்கை இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள். அந்தக் கணக்கைப் பாட்டி சாகும்வரை மறக்கவில்லை, நாம்தான் மறந்துவிட்டோம்.

ஆனால் கண்ணு, வீட்டில் பெறலாமா என்று ஒரு பெண் கேட்கும்போது அவள் பல தடவை வேறு எதையோ கேட்கிறாள். அங்கே என்னைத் திட்டுவார்களா, தனியாக விட்டுவிடுவார்களா, தேவையில்லாமல் வயிற்றைக் கிழித்துவிடுவார்களா என்று கேட்கிறாள். அந்தப் பயம் பொய் இல்லை. பிரசவ அறையில் கத்துகிற பெண்ணை அதட்டுகிற பழக்கம் இருந்தது, நானே பார்த்தது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 64. இத்தனை பேருக்கும் அது உயிர்காக்கத் தேவைப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

அதற்கு வழி இப்போதே கேட்பதுதான். அடுத்த செக்கப்பில் கேள். எந்தக் காரணம் வந்தால் சிசேரியன் என்று முடிவு செய்வீர்கள்? வலி வந்த பிறகு நான் எழுந்து நடக்கலாமா? அம்மாவோ மாமியாரோ உள்ளே கூட இருக்கலாமா? அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்கிற ஏற்பாடு இருக்கிறது, கேட்டு வாங்கு. கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி பக்கத்தில் இருந்தால் பிரசவம் எப்படி மாறும் என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் நான். உன் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாத இடமாக இருந்தால், முப்பதாவது வாரத்தில் வேறு மருத்துவமனையைப் பார்க்க நேரம் இருக்கிறது.

உன் வீட்டில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. அம்மா, அய்யா, அடுத்த தடவை ஃபோனில் அப்படி ஒரு படம் வந்தால், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இரண்டு வாரமாகச் சாப்பிட்டதாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

கண்ணு, நாளைக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொள். நடுவில் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகத்தில் வீக்கம், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதே, ராத்திரி என்றாலும் கிளம்பிப் போ. மெஷினில் ஏறும்போது எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று அந்தச் செவிலியரிடம் கேள், தப்பாக நினைக்க மாட்டார். எடை, பிபி, சர்க்கரை மூன்றையும் எனக்கு எழுது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. திரும்பி வரும்போது இரண்டு பேரும் எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.